பட்டாவும் டேட்டாபேஸும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ரிலேஷனல் டேட்டாபேஸின் அடிப்படைகள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசை நண்பர்கள் இரண்டு பேர் அருவிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். சாரல் அடிக்கிற நேரத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதி இருக்கிறவர்களுக்கு எங்கள் வடகரைப் பக்கம் நடந்த ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் தப்புச் செய்தவன் நான்தான்.

1992ல் இங்கே பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்த சமயம். ஒரு சிறிய கடன் சங்கம், பெயர் வேண்டாம், கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார்கள். டிபேஸில் புரோகிராம் எழுதினேன். உறுப்பினர் பெயரைத் தட்டினால் அவருடைய கணக்கு வந்து நிற்கும். பழைய பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பக்க எண் ஒன்று எழுதியிருந்தது. புத்தகமே போகப் போகிறது, பக்க எண் எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. நான் எழுதியது எல்லாம் சரி என்று தோன்றுகிற வயது.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் கையில் மஞ்சள் பையோடு வந்தார். தவணை கட்டவில்லை என்று அவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. பையிலிருந்து எட்டு ரசீதையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். "தம்பி, ரசீது எல்லாம் இங்க இருக்கு. கட்டின ரூவா எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரூபாய் எங்கேயும் போகவில்லை. மு. மாடசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே பெயர், அதே இனிஷியலில் சங்கத்தில் இரண்டு பேர். டிபேஸில் 'சீக்' என்று தேடச் சொன்னால், அந்தப் பெயர் எங்கே முதலில் வருகிறதோ அங்கே போய் நின்றுவிடும். இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பார்க்காது. ஆக, பெரியவர் கட்டிய எட்டுத் தவணையும் முதல் மாடசாமி கணக்கில் போய் விழுந்திருந்தது. அவர் கடனும் சீக்கிரமே குறைந்துகொண்டு வந்தது. அவர் வந்து கேட்கவில்லை!

பிரைமரி கீ என்று உங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அந்த இரண்டு வரி தெரியாததால் ஒரு மனிதர் எட்டு மாதம் கடன்காரராக இருந்தார். ஒரு வரிசையை இன்னொரு வரிசையிலிருந்து சந்தேகமில்லாமல் பிரித்துக்காட்டுவது எதுவோ அதுதான் கீ. பெயர் கீ ஆகாது. நம் ஊரில் ஒரு தெருவில் நின்று "மாடசாமி" என்றோ "மைதீன்" என்றோ கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் வரும் 'எம்ப்ளாயி, டிபார்ட்மென்ட்' உதாரணம் எனக்குப் பிடிப்பதில்லை. நமக்கு நிலம் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கணக்குகளைப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டா எண் எல்லாம் இருக்கும். சிட்டாவில் பட்டா எண்ணைப் பார்த்தால் யார் பேரில் என்னென்ன நிலம் என்று தெரியும். அடங்கலில் அந்தப் பசலியில் என்ன பயிர் என்று இருக்கும். மூன்றும் மூன்று அட்டவணைகள். புல எண்ணும் பட்டா எண்ணும் அவற்றைக் கோக்கிற நூல். ஓர் அட்டவணையின் கீ இன்னொரு அட்டவணையில் வந்து உட்கார்ந்தால் அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். சிட்டாவில் இல்லாத பட்டா எண்ணை 'அ' பதிவேட்டில் எழுதப் போனால், கம்ப்யூட்டர் 'இப்படி ஒரு பட்டா கிடையாது' என்று கையைப் பிடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தியில் கணக்கை ஒத்துப் பார்ப்பார்கள் அல்லவா? நல்ல டேட்டாபேஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் ஜமாபந்தி நடத்துகிறது.

கைக்கணக்கில் பட்டாதாரர் பெயரை 'அ' பதிவேட்டிலும் எழுதினோம், சிட்டாவிலும் எழுதினோம். ஒன்றில் 'சுப்பையாத் தேவர்' என்றும் இன்னொன்றில் 'சுப்பையா' என்றும் இருக்கும். ஒன்றைத் திருத்துவார்கள், மற்றது அப்படியே கிடக்கும். பிள்ளைகள் நிலத்தை விற்கப் போகும்போது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் மட்டும் எழுது, மற்ற இடத்தில் அதன் எண்ணை மட்டும் வை. நார்மலைசேஷன் என்று பயமுறுத்துகிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான். கூட்டுப்பட்டாவில் மாணவர்கள் தவறாமல் ஒரு தப்புப் பண்ணுவார்கள். உரிமையாளர் 1, உரிமையாளர் 2, உரிமையாளர் 3 என்று மூன்று கட்டம் போடுவார்கள். நான்காவது தம்பி வந்தால் எங்கே உட்கார வைப்பது? பட்டா எண், உரிமையாளர் என்று தனி அட்டவணை போடுங்கள். பத்துத் தம்பி வரட்டும்.

இந்தச் சிந்தனையின் மூலகர்த்தா எட்கர் காட். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர், படிப்பு நம்மைப் போலக் கணிதம். அவருடைய கட்டுரை 1970 ஜூனில் வந்தது. அதற்கு முன்னால் ஐ.பி.எம்.மின் ஐ.எம்.எஸ். போன்ற டேட்டாபேஸ்களில் தகவல் மரக்கிளை மாதிரி தொங்கும். எந்தக் கிளை வழியாக இறங்க வேண்டும் என்பது புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கர்ணம் மாதிரி. எந்தக் கட்டில் எந்தக் கணக்கு இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கும். 1980ல் அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்தார்கள். தலைக்குள் இருந்த வழியைப் பதவியோடு சேர்த்து எழுதி வாங்கவா முடியும்? வழி தெரிய வேண்டாம், என்ன வேண்டும் என்று மட்டும் சொல், தேடுவது மெஷின் பாடு என்றார் காட். அதற்கான மொழிதான் எஸ்.க்யூ.எல். 'நஞ்சை, இரண்டு ஏக்கருக்கு மேல், இந்தப் பசலியில் நெல் போட்டவர்கள் யார்?' என்று கேட்டால், மூன்று அட்டவணையையும் சேர்த்து அதுவே பதில் சொல்லும். 1981ல் காட்டுக்கு டூரிங் விருது கொடுத்தார்கள்.

இடையில் ஒன்று. 'ரிலேஷன்' என்றால் அட்டவணைகளுக்குள் இருக்கிற மாமன் மச்சான் உறவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கணிதத்தில் அந்த அட்டவணைக்கே ரிலேஷன் என்றுதான் பெயர். இன்டர்வியூவில் கேட்பார்கள்.

கீயைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. மாறக்கூடிய எதையும் அதில் சேர்க்கக் கூடாது. செங்கோட்டைப் பக்கத்து வயலை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ல் சென்னை மாநிலம், திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம். வயல் ஓர் அடிகூட நகரவில்லை! மாவட்டப் பெயரைக் கீக்குள் வைத்தவன் ஒவ்வொரு தடவையும் எல்லா அட்டவணையையும் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் அர்த்தமே இல்லாத ஒரு வெறும் எண்ணைக் கீயாக வைப்பது நல்லது என்கிறோம்.

அடுத்து, டிரான்சாக்‌ஷன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. 0.40.5 ஹெக்டேர், அதாவது சுமார் ஒரு ஏக்கர். பழைய புலத்தை நீக்கி, 0.20.0 என்றும் 0.20.5 என்றும் இரண்டு உட்பிரிவு போட வேண்டும். பழையதை நீக்கியாச்சு, ஒன்றைப் போட்டாச்சு, கரண்ட் போயிடுச்சு. தம்பிக்கு நிலமே இல்லை என்று ஆகிவிடும். ஆகையால் மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நடந்தால் கமிட், திரும்பினால் ரோல்பேக். இதைப் பிழையில்லாமல் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. 1998ல் அவருக்கும் டூரிங் விருது கிடைத்தது. 2007ல் தனியாகப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நீங்கள் ஜிபேயில் டீக்குப் பணம் அனுப்பும்போது ரூபாய் நடுவழியில் காணாமல் போகாததற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

'நல்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடங்கலில் பயிர்க் கட்டம் காலியாக இருந்தால் நிலம் தரிசா, அல்லது யாரும் போய்ப் பார்க்கவில்லையா? காலிக் கட்டத்தைச் சைபர் என்று எடுத்துக்கொண்டு கூட்டல் போட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மத்தளம்பாறையில் 2011லிருந்து சோஹோ இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனுக்குள்ளேயும் எஸ்க்யூலைட் என்று ஒரு குட்டி டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெரியவர் கதையை முடிக்கவில்லை. அன்று ராத்திரி சங்கத்துக் கணக்கரும் நானும் எல்லா ரசீதையும் பேரேட்டோடு வைத்துப் பார்த்தோம். விடியும்போது இன்னும் நான்கு ஜோடிப் பெயர்கள் அகப்பட்டன. பேரேட்டின் பக்க எண்ணை ஏன் எழுதி வைத்தீர்கள் என்று கணக்கரிடம் கேட்டேன். எட்டாம் வகுப்புப் படித்தவர், கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. "அந்த நம்பருதான் தம்பி ஆளு. பேரு பத்துப் பேருக்கு இருக்கும்" என்றார்.

புரோகிராமை அழித்துவிட்டு அந்த எண்ணை வைத்துத் திரும்ப எழுதினேன். நோட்டீஸை ரத்து செய்த கடிதத்தைப் பெரியவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மஞ்சள் பையில் எட்டு ரசீதோடு அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். கேள்வி இருக்கிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.