மண்ணுக்கு நிறபேதம் உண்டா?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் மண்ணைப்பற்றிப் பேசப் போகின்றேன். மண்ணைப்பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், மண்ணை யார் ஆராயலாம், யார் ஆராயக் கூடாது என்பதிலும் மனிதன் பேதம் வைத்திருந்தான் என்பதை அறிந்தால், இது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று உங்களுக்கே விளங்கும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பவர் இருந்தார். 1864-ஆம் வருஷ வாக்கில் மிஸௌரி மாகாணத்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கஷ்டப்பட்டுப் படித்து, கான்சாஸ் மாகாணத்துக் காலேஜ் ஒன்றுக்குத் தபாலில் மனுப் போட்டார். சேர்த்துக்கொள்வதாகப் பதிலும் வந்தது. நேரில் போய் நின்றவுடன், கருப்பு மனிதர் என்று கண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். எழுத்தைப் பார்த்தபோது இருந்த யோக்கியதை, தோலைப் பார்த்தவுடன் எங்கே போயிற்று என்று கேட்கின்றேன்.

பிறகு 1891-இல் அயோவா விவசாயக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த முதல் கருப்பு மாணவர் அவர்தான். 1896-இல் மேல்பட்டம் பெற்று, அதே வருஷம் அலபாமா மாகாணத்தில் கருப்பு மக்களுக்காக நடந்த டஸ்கீகி கல்விச்சாலைக்கு ஆசிரியராகப் போனார்.

அங்கே கண்டதென்ன? காட்டை அழித்து, வருஷாவருஷம் பருத்தியே போட்டு, மண் செத்துக் கிடந்தது. மண் சாவதென்றால் என்ன? செடியானது காற்றிலிருக்கும் கரியை எடுத்துத் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளுகின்றது. இலையும் வேரும் மக்கும்போது அந்தக் கரியில் ஒரு பங்கு மண்ணில் தங்குகின்றது. அந்த மக்குத்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களுக்கு உணவாகின்றது. ஓயாமல் உழுது வெறும் தரையாக விட்டால், மக்கு சிதைந்து கரிவாயுவாகிக் காற்றோடு போய்விடுகின்றது. மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகின்றது. இதில் பூமாதேவியின் கோபம் எங்கே இருக்கின்றது? தலையெழுத்து எங்கே இருக்கின்றது? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத கணக்குத்தான் இருக்கின்றது.

விலை உரம் வாங்கக் காசில்லாத குடியானவர்களுக்குக் கார்வர் வழி சொன்னார். காட்டுச் சருகையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் மக்க வைத்து நிலத்தில் போடச் சொன்னார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் பயிரிடச் சொன்னார். அவற்றின் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்குகின்றன. 1906-இல் கருவிகளையும் விதைகளையும் வண்டியிலேற்றி, டஸ்கீகியார் கல்வியைக் குடியானவன் வாசலுக்கே அனுப்பினார்கள்.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பிற்காலத்தில் ஒரு புராணம் கட்டிவிட்டார்கள். அது பொய். அவரைப் புகழ மெய்யே போதும்.

ஆனால் தோழர்களே! அறிவு வந்தும் மண் முழுவதும் பிழைத்துவிடவில்லை. ஏன்? அந்தக் கருப்புக் குடியானவர்களில் பெரும்பாலோர் வாரக்குடிகள். கடன் கொடுத்த கடைக்காரனும் நிலக்காரனும் பருத்தியைத்தான் கேட்டார்கள். அடுத்த வருஷம் அதே நிலத்தில் இருப்போமா என்று தெரியாதவன் யாருக்காக மண்ணை வளர்ப்பான்? மண்ணின் வறுமைக்கும் மனிதனின் அடிமைத்தனத்துக்கும் வேர் ஒன்றாயிருந்தது.

கார்வர் 1943-இல் காலமானார். இன்றைய சர்வகலாசாலைகள் மண்ணிலுள்ள கரியை அளந்து வருகின்றன. ஆகாயத்திலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைவிட அதிகமான கரி மண்ணில் இருக்கின்றதாம். அது கிளம்பிக் காற்றில் கலந்தால் பூமியின் சூடு ஏறும். நிறத்தைப் பார்த்து ஏறாது. அப்படியிருக்க, இந்த ஆராய்ச்சியில் மண்வெட்டி பிடித்தவன் பிள்ளைக்குக் குழி தோண்டும் கூலி மாத்திரம் போதுமா? அளக்கவும், கேள்வி கேட்கவும், முடிவு சொல்லவும் அவனுக்கு இடம் வேண்டாமா? ஒருவனுக்குக் கதவைச் சாத்தினால் நஷ்டம் அவனுக்கு மாத்திரமல்ல. அவன் கண்டிருக்கக்கூடிய உண்மை உலகத்துக்கே நஷ்டம்.

ஆகையால் உங்கள் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்களை, விஞ்ஞானம் படிக்க அனுப்புங்கள். உங்கள் நிலத்து மண்ணை எடுத்துப் போகும் பண்டிதரிடம், என்ன கண்டீர், எங்களுக்கும் சொல்லும் என்று தைரியமாய்க் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.