கதவின் இருபுறமும்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கத்தை மீறித் தத்தம் துறையில் முதன்மை பெற்றவர்களைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய தலைப்பு கிடைத்தால், சாதித்தவர்களின் பெருமையை அடுக்கிச் சொல்லி, கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுவது எளிது. நான் இன்று அதனோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மூடிய கதவை வெளியிலிருந்து ஒருவர் தட்டும்போது, உள்ளே தாழ்ப்பாளுக்கருகில் இன்னொருவர் நிற்கிறார். அவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் எத்தகையது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஏனெனில், நம்மில் பலர் கதவைத் தட்டுபவர்கள் அல்லர், உள்ளே நிற்பவர்கள்.

இப்பொருளுக்கு நம் வீட்டு நூலிலிருந்தே தொடங்கலாம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியை நீங்கள் அறிவீர்கள். பழையனூர் நீலி என்றால் ஊரே அஞ்சும். சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரரை அச்சுறுத்தி விரட்ட வந்தவள் அவள். முனிவர் அஞ்சவுமில்லை, 'பேய்' என்று அவளை இகழ்ந்து ஒதுக்கவுமில்லை, அறம் உரைத்தார். அவள் கேட்டாள். பிறகு அவளே வாதத்திற்குப் புறப்பட்டு, குண்டலகேசி முதலாகப் பல சமயத்து ஆசிரியர்களோடு உரையாடுகிறாள். 1936 ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலைப் பழைய உரையோடு அச்சில் கொண்டுவந்தார். வாதில் வல்லவளாக ஒரு பெண்ணையே தலைமை மாந்தராக வைத்த காப்பியம் நம்மிடம் இருக்கிறது. ஊரார் அஞ்சிய ஒருத்தியிடம் ஒருவர் நின்று பேசியதனால் அது பிறந்தது என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்வோம்.

இனி, நம் காலத்திற்கு அண்மையில் நிகழ்ந்த இரண்டு வரலாறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பம்பாயைச் சேர்ந்த கமலா பாகவத் அவர்களுடையது. திருமணத்திற்குப் பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர். அவருடைய தந்தையாரும் தந்தையாரின் உடன்பிறந்தாரும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் வேதியியல் பயின்றவர்கள். தாமும் அங்கேயே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது கமலாவின் கனவு. 1933 இல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்று விண்ணப்பித்தார். மறுப்புக் கடிதம் வந்தது. மதிப்பெண்ணில் குறையில்லை, பெண் என்பது ஒன்றே காரணம். அப்போது நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் நம் திருச்சிராப்பள்ளி மண் தந்த மேதை, நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவர்கள்.

கமலா வீட்டில் அமர்ந்து அழவில்லை. பெங்களூருக்கே சென்று இராமனை நேரில் கண்டு காரணம் கேட்டார். இடம் தராவிடில் அலுவலகத்தின் முன்பே சத்தியாக்கிரகம் இருக்கப் போவதாகவும் சொன்னார். இறுதியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதலாண்டு முழுவதும் அவர் முறையான மாணவி ஆகார். வழிகாட்டி சொல்லும் நேரமெல்லாம், இரவாயினும், வேலை செய்ய வேண்டும். ஆய்வகத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது. மூன்றாம் நிபந்தனையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்த ஆண் மாணவரிடமும் விதிக்கப்படாத நிபந்தனை அது. அந்த அவமதிப்பை விழுங்கிக்கொண்டு, சீனிவாசய்யா என்னும் ஆசிரியரின் கீழ், பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை அவர் ஆராய்ந்தார். ஓராண்டு கழிந்தது. அவருடைய உழைப்பைக் கண்ட இராமன் மனநிறைவு கொண்டு, முறையான மாணவியாக ஏற்றுக்கொண்டார். அதன்பின் அந்நிறுவனத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது. கமலா கேம்பிரிட்ஜ் சென்று, தாவரத் திசுக்களில் 'சைட்டோகுரோம் சி' என்னும் புரதம் இருப்பதைக் கண்டறிந்து, 1939 இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின், பனையின் பதநீரிலுள்ள ஊட்டத்தை ஆராய்ந்து, அது ஊட்டக்குறைவுள்ள சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் பயன்படும் என்று காட்டினார்.

இவ்வரலாற்றை இரு கோணங்களில் காண வேண்டும். இராமன் மனம் மாறினார். அது அவர் பெருமை. ஆயினும் கமலா அம்மையார் தம் முதிய வயதிலும் அந்த ஓராண்டை மறக்கவில்லை. பேரறிஞரே ஆயினும் தம்மைப் பெண் என்பதற்காகவே அவர் நடத்திய விதம் குறுகியது என்று வெளிப்படையாகவே பேசினார். சேர்த்துக்கொண்ட பின்னரும் புண் ஆறவில்லை என்றால், கதவைத் திறக்கும்போது நாம் சொல்லும் சொல் எத்துணை முக்கியம் என்பது விளங்கும்.

இரண்டாவது வரலாறு நம் சென்னையில் நிகழ்ந்தது. 1919 இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த லலிதா அம்மையாருக்குப் பதினைந்தாம் வயதில் திருமணம். பதினெட்டாம் வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கைம்மை. அக்காலத்தில் கைம்பெண்ணுக்கு ஊர் வகுத்திருந்த வாழ்க்கை எத்தகையது என்பதை இங்குள்ள பெரியோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை மூலையில் அமர்த்தாமல், இராணி மேரி கல்லூரிக்கு அனுப்பி இடைநிலை வகுப்பை முடிக்கச் செய்தார்.

அடுத்து என்ன என்னும் கேள்வி எழுந்தது. மருத்துவம் படிக்கலாமே என்றனர். நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று லலிதா தயங்கினார். பகலில் சென்று மாலையில் மகளிடம் திரும்பக்கூடிய தொழிலாகப் பொறியியலைத் தேர்ந்தார். புரட்சி செய்யும் எண்ணத்தில் எழுந்த விருப்பம் அன்று அது. ஒரு தாயின் கணக்கு. அக்கணக்கை அமர்ந்து கேட்க ஒரு தந்தை இருந்தார். 1794 ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அக்கல்லூரியில் அதுவரை ஒரு பெண்ணும் பயின்றதில்லை. சுப்பாராவ், கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், அவர் இசைந்தார், கல்வித்துறை இயக்குநரும் அனுமதி தந்தார். 1940 இல் லலிதா மாணவியானார்.

நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். வகுப்பில் எவரும் இடையூறு செய்யவில்லை. ஆனால் விடுதியில் தனிமை வாட்டியது. தந்தையார் அதையும் கேட்டறிந்தார். கல்லூரியில் பெண்களுக்கு இடம் உண்டு என்று விளம்பரம் வந்தது. லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர். போர்க்காலத்தில் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் சேர்ந்தே பட்டம் பெற்றனர். அப்பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சிட்டவர்க்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. ஒரு பெண் வருவாள் என்று எவரும் நினைத்திருக்கவில்லை, அவ்வளவே.

பின்னாளில் லலிதா அம்மையார் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராகப் பணிபுரிந்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் அவருடைய உழைப்பு உண்டு. 1964 இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டிலும் கலந்துகொண்டார். அவர் வேலைக்குச் சென்ற நேரங்களில் அண்ணியார் குழந்தையைக் கவனித்துக்கொண்டார். பட்டியலில் இடம்பெறாத அந்த அண்ணியாரையும் நாம் வணங்க வேண்டும். திரேசியாவோ 1971 இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

பெரியோர்களே, இவற்றையெல்லாம் நான் வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். ஆயினும் என் வீட்டில் நான் நடந்துகொண்ட முறையை இங்கே சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையாகாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், என் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். வெளியூர் அரசுக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படிக்க விரும்பினாள். தம்பி என்னைக் கேட்டுச் சொல்வதாக அவளிடம் கூறினான். நான், "பெண்பிள்ளைக்கு வெயிலில் நின்று கட்டடம் கட்டும் வேலை எதற்கு?" என்றேன். குடும்பத்தில் மூத்தவன் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அவள் அருகிலிருந்த கல்லூரியில் வணிகவியல் படித்தாள். இன்று வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறாள். குறையொன்றுமில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் பூர்விக வீட்டைப் பழுதுபார்த்தோம். கூடத்தை அகலமாக்க நடுச்சுவரை இடிக்கலாம் என்று நான் சொல்ல, கொத்தனாரும் கடப்பாரையை எடுத்துவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த அவள் ஓடிவந்து தடுத்தாள். "பெரியப்பா, மேல்தளத்தின் உத்திரம் முழுவதும் இந்தச் சுவரில்தான் அமர்ந்திருக்கிறது" என்று சொல்லி, உத்திரம் செல்லும் திசையைக் காட்டினாள். கொத்தனார் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "பாப்பா சொல்வது சரிதான் ஐயா" என்றார். எங்கே கற்றாய் என்று கேட்டேன். பழைய பாடப்புத்தகங்களை வாங்கி ஓய்வு நேரத்தில் படிப்பதாகச் சொன்னாள்.

அன்று மாலை திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் சொன்ன விடை இன்றும் என் செவியில் இருக்கிறது: "நீங்கள் வேண்டாம் என்றதில்கூட எனக்கு வருத்தமில்லை, பெரியப்பா. ஏன் ஆசைப்படுகிறாய் என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லையே."

இராமன் மறுத்தார்; ஆனால் எதிரே நின்ற பெண்ணின் வாதத்தைக் கேட்டார். நானோ கேட்கவே இல்லை. அவ்வகையில் அவரினும் நான் கடுமையாக நடந்துகொண்டேன் என்று உணர்கிறேன்.

ஆகவே, இவ்வவையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகள் ஒரு துறையை விரும்பினால், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் முன், காரணத்தைக் கேளுங்கள். மகனுக்கும் இது பொருந்தும். செவிலியராகவோ சமையற்கலைஞராகவோ மழலையர் ஆசிரியராகவோ ஆக விரும்பும் பையனிடம், "இது ஆண்பிள்ளை செய்யும் வேலையா?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன.

இரண்டாவது, நமக்குத் தெரியாத துறையைக் குறித்து நாமே தீர்ப்புக் கூறாமல், அத்துறையில் பணிபுரியும் ஒருவரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று பேசச் செய்யுங்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டுப் பல துறைகளில் பணிபுரிவோர் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் அவர்களையும் மாணவர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்தி உரையாடச் செய்யுமாறு நம் அறக்கட்டளையைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மேடைப்பேச்சு வேண்டா, பாய் விரித்து அமர்ந்து பேசினால் போதும்.

மூன்றாவது, சேர்த்துவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டா. லலிதா அம்மையாருக்கு இடம் கிடைத்த பின்னரும் துணை தேவைப்பட்டது. முதன்முதலாகச் செல்லும் பிள்ளையின் தனிமையை விசாரிக்க வீட்டில் ஒருவராவது வேண்டும்.

என் தம்பி மகளுக்கு இப்போது ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பூர்விக வீட்டின் நடுச்சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. சென்ற மாதம் வந்தபோது அக்குழந்தை அச்சுவரைத் தட்டிப் பார்த்து, "இது ஏன் இவ்வளவு தடிமன், தாத்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை உன் அம்மாவிடம் கேள் என்றேன். அவள் என்ன படிக்க விரும்பினாலும் முதலில் அவளுடைய பேச்சைக் கேட்பேன் என்று உங்கள் முன்னிலையில் உறுதி கூறி அமைகிறேன்.