நம் ஊரில் நாம் நடக்காத தடங்கள்

(பெங்களூர் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காசிக்குப் போய் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இந்தச் சபையில் பாதிக் கைகள் உயரும். மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸிலிருந்து சாங்கி ஏரி வரை நடந்தே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கைகளை எண்ணிவிடலாம். நிதானமாக நடந்தால் அரை மணி. ஆனால் நமக்கு ஆட்டோ வேண்டும்.

அந்த அரை மணியில் என்னென்ன இருக்கிறது, பாருங்கள். முதலில் காடு மல்லேஸ்வரர் கோயில். 'காடு' என்பது கன்னடத்திலும் காடுதான். சிவாஜி மகாராஜாவின் சகோதரரான வெங்கோஜி, தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவியவர், 1669-இல் இந்தச் சுவாமிக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் சரித்திரம் உங்களுக்கு முன்பே இங்கு வந்து காத்திருக்கிறது!

எதிரே நந்தி தீர்த்தம். நந்தியின் வாயிலிருந்து விழும் ஜலம் லிங்கத்தை நனைத்துக் குளத்தில் சேர்கிறது. வெகுகாலம் மண் மூடிக் கிடந்த இடம், 1997-இல்தான் வெளிப்பட்டது. அதுவரை எத்தனையோ பேர் அதன்மேல் நடந்து போயிருக்கிறார்கள். நடை முடியும் இடத்தில் சாங்கி ஏரி. சாங்கி என்ற ராணுவப் பொறியாளர் 1882-இல் அமைத்தது.

இவையெல்லாம் கேட்டால் யாரும் வழி சொல்லும் இடங்கள். யாரும் சொல்லாத தடம் ஒன்றும் இருக்கிறது. 1898-இல் பிளேக் பரவியபின் வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே குறுகலான சந்துகள் விட்டார்கள். கன்சர்வன்சி சந்து என்று பெயர். எதற்காக? எடுப்புக் கக்கூஸ் இருந்த நாட்களில், மலத்தை அள்ளிச் செல்பவர்கள் வந்து போவதற்காக. முன்வாசலில் கோலம்; பின்வாசலில் அவர்கள். தலைமுறை தலைமுறையாக நம் ஆசாரம் சுத்தமாக இருந்ததென்றால், அது அந்தச் சந்தில் நடந்த கால்களின் தயவு. அவர்களுடைய பெயர் ஒன்றுகூட நம் குடும்பங்களில் யாருக்கும் தெரியாது. இதைக் கோயில் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்; பாதியை மட்டும் சொன்னால் அது ஊர்க்கதை ஆகாது.

பாதாளச் சாக்கடை வந்தபின் சந்துகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில குப்பைமேடாயின. சிலவற்றை வீடுகள் விழுங்கிவிட்டன. (அவரவர் கொல்லைச் சுவர் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.) அண்மை ஆண்டுகளில் ஒன்றிரண்டு சந்துகளைச் சீர்செய்து, சுவரில் சித்திரம் தீட்டி, நடப்பதற்கு ஏற்றதாக்கியிருக்கிறார்கள். மோட்டார் ஓடும் தெருவைக் கடக்கவே பயப்படும் நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை எது?

நடப்பவர் இருந்தால்தான் தடம் இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் முதலில் குப்பை வரும். பிறகு பூட்டு வரும். பிறகு சுவரே வந்துவிடும்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். மாடுங்காவிலோ கரோல் பாகிலோ, எங்கே இருந்தாலும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் சேர்ந்து, இதுவரை போகாத ஒரு சந்தில் நடங்கள். பேரக்குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிறர் வீட்டுக் கொல்லைப்புறம் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அந்தத் தெருவில் நெடுநாள் இருக்கும் பூக்காரம்மாவையோ செருப்புத் தைப்பவரையோ கேளுங்கள். அந்த ஊர்ப் பாஷையில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு அந்தச் சந்தை யாராவது அடைக்க வந்தால், "இது வழிதான், நாங்கள் நடக்கிறோம்" என்று சொல்ல ஆள் வேண்டுமே!