கடையை விட்டு இறங்குமுன்...

(கடை ஊழியர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாவது முடித்ததும் முடிக்காததுமாய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மண்ணடிக்கும் தி.நகருக்கும் வந்து இறங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். "பையனை அனுப்பி வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருப்பார். சாப்பாடும் கிடைத்தது, தங்க இடமும் கிடைத்தது. பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இன்று வயது முப்பதை ஒட்டிவிட்டது. வாங்கும் சம்பளம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கே போதவில்லை. நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதற்கே, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்!

"இனி என்ன செய்வது?" என்ற கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டே பதில்தான். ஒன்று, சொந்தக் கடை. மற்றொன்று, சபர்.

சொந்தக் கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்கத் தெரிவது வேறு, கடை நடத்தத் தெரிவது வேறு. முன்பணம், வாடகை, சரக்குக் கடன், வராத பாக்கி, இவையெல்லாம் முதலாளியின் தலையில் இருந்தவரை நமக்குத் தெரியாது. மனைவியின் நகையை விற்றுக் கடை போட்டு, இரண்டு ரமலான் தாண்டுவதற்குள் ஷட்டரை இறக்கியவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சபர் போனாலும் அங்கே பெரும்பாலோருக்குக் கிடைப்பது இதே கடை வேலைதானே? போவதென்றால் பதிவு பெற்ற முகவர் மூலம் மட்டுமே போங்கள். பத்தாவது தேறியவருக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை. தேறாதவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம். அதற்கு உச்ச வயது கிடையாது.

சகோதரர்களே, "எனக்கு ஒன்றும் தெரியாது, கடையில்தான் இருந்தேன்" என்று சொல்லாதீர்கள்! ஜவுளிக் கடையில் இருந்தவருக்குத் துணியைத் தொட்டாலே தரம் தெரியும். ஈரோடு சந்தையில் என்ன விலை, எந்தச் சரக்கு தேங்கும், எது பெருநாளுக்கு ஓடும் என்பது தெரியும். மொத்த வியாபாரிக்கு விற்பனைப் பிரதிநிதியாகவோ, திருப்பூரில் துணி பரிசோதிப்பவராகவோ போக இந்த அறிவு உதவும். சரக்கறையைப் பார்த்துக்கொண்டவர் பெரிய கிடங்குகளில் மேற்பார்வை வேலை தேடலாம். கல்லாவும் பில்லும் பார்த்தவர் டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் முறையாகக் கற்றால் கணக்கர் வேலைக்குப் போகலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்ன வியாபாரிக்கும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

நகைக் கடையில் இருந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் நகை மதிப்பீட்டுப் பயிற்சி நடத்துகிறார்கள். சான்றிதழ் பெற்றால் வங்கிகளில் மதிப்பீட்டாளர் பணிக்கு முயலலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். தெரிந்துகொண்டு போங்கள். மருந்துக் கடைச் சகோதரருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எத்தனை வருடம் மருந்து எடுத்துக் கொடுத்திருந்தாலும், பிளஸ் டூவில் அறிவியல் படித்து, டி.பார்ம். முடித்துப் பதிவு செய்யாமல் மருந்தாளுநர் ஆக முடியாது. அனுபவம் அங்கே செல்லாது.

விற்பனையே வேண்டாம், கைத்தொழில் வேண்டும் என்பவர் ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். வெல்டர், வயர்மேன் பயிற்சிக்கு எட்டாவது போதும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுத்தான் சேரவேண்டும். சம்பளம் நிற்கிற அன்று அடுப்பு நிற்காதல்லவா?

இதையெல்லாம்விட முக்கியமானது காகிதம்! பதினைந்து வருடம் உழைத்தவரிடம் அதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. புது இடத்தில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டால் எதைக் காட்டுவது? கோபத்தில் சாவியை வைத்துவிட்டு வராதீர்கள். வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், புது வேலைக்கு மாற்றுங்கள். பத்தாண்டு சேவை நிறைந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. இடையில் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கில் வராது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. கணக்கு இதுதான்: கடைசி மாதம் சட்டப்படி கணக்கில் வரும் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். 18,000 ரூபாய் வாங்கியவருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ 1,24,600 ரூபாய் வரும். இது முதலாளி மனமிரங்கித் தரும் அன்பளிப்பு அல்ல, உழைத்தவனின் உரிமை!

வணிகப் பெருமக்களே! உங்களையும் கேட்கிறேன். "மகன் மாதிரி வைத்திருந்தேன், போகிறேன் என்கிறான்" என்று வருத்தப்படுகிறீர்கள். மகன் மாதிரி என்றால் அவன் பெயர் ஏன் உங்கள் ஊழியர் பதிவேட்டில் இல்லை? கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பலாமா? உங்கள் கடையின் லெட்டர்பேடில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன வேலை பார்த்தார், எந்தப் பொறுப்பில் இருந்தார், எப்போது விலகினார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துங்கள். இப்போது வேலையில் இருப்பவர்களுக்கும் இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்தே அதைக் கொடுத்துவிடலாம்.