படிக்காமல் அளித்த சம்மதம்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்வுக்கூடங்களில் நின்று நான் ஓயாமல் கூறிவந்த வாக்கியம் ஒன்று உண்டு. "விடை எழுதத் தொடங்குமுன் வினாத்தாளை இருமுறை படியுங்கள்" என்பதே அது. பிறருக்கு ஆயிரம் முறை அதைச் சொன்ன நான், என் அறுபத்தெட்டாம் வயதில், என் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்திருந்தபோது அதை மறந்துபோனேன். அந்த மறதியினால் விளைந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தேறிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். அதற்கென ஒரு மென்பொருளை இணையத்தில் தேடினேன். இலவசம் என்று பறைசாற்றிய பக்கம் ஒன்று கிடைத்தது. அதில் 'டவுன்லோட்' என்று எழுதிய பச்சைப் பொத்தான்கள் மூன்று இருந்தன. மூன்றில் பெரியதை அழுத்தினேன். அடுத்தடுத்துச் சிறு பெட்டிகள் தோன்றின. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று ஐந்து முறை அழுத்தினேன். சான்றிதழ்கள் இணைந்தன, மகிழ்ச்சியுடன் உறங்கச் சென்றேன்.

மறுநாள் காலையில் கணினி வேறொருவருடையது போல் காணப்பட்டது. உலாவியைத் திறந்தால் நான் என்றும் பார்த்திராத ஒரு தேடுபக்கம் வந்து நின்றது. திரையின் மூலையில் விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. "உங்கள் கணினியில் ஐந்து வைரசுகள் உள்ளன, உடனே இங்கே அழுத்துக" என்று ஒரு சிவப்புப் பெட்டி அலறியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்களே, அந்த அழுகைதான் இது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் இதைப் பேச்சாக்கியிருக்க மாட்டேன். அன்று பிற்பகல் என் பேத்தி அக்கணினியில் கல்லூரியின் பெயரைத் தேடினாள். புதிதாகக் குடிபுகுந்த தேடுபக்கம் அக்கல்லூரியை முதலில் காட்டவில்லை; அதன் பெயரைத் தாங்கிய ஒரு விளம்பரத்தையே முதலில் காட்டியது. பெயர், மதிப்பெண், கைப்பேசி எண் ஆகியவற்றை அந்தப் பக்கம் கேட்டது. அவள் நம்பி நிரப்பினாள். அரைமணி நேரத்துக்குள் தொலைபேசி ஒலித்தது. "இடம் வாங்கித் தருகிறோம், முன்பணம் செலுத்துங்கள்" என்றது ஒரு குரல். அவள் திகைத்துப்போய் என்னிடம் வந்து, "தாத்தா, நான் விண்ணப்பித்தது கல்லூரிக்கு அல்லவா? என் எண் இவர்களுக்கு எப்படிப் போயிற்று?" என்று கேட்டாள். என்னிடம் அதற்கு விடை இல்லை.

நிற்க. இத்தகைய மென்பொருளுக்கு 'ஆட்வேர்', அதாவது விளம்பர மென்பொருள் என்று பெயர். விளம்பரம் காட்டுவது மட்டுமே குற்றமாகிவிடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஓப்பரா என்னும் உலாவி 2000-ஆம் ஆண்டின் இறுதியில் விளம்பரத்துடன் இலவசமாகவும், பணம் கட்டினால் விளம்பரமின்றியும் வழங்கப்பட்டது. 2005-இல் அவ்விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள். அது வெளிப்படையான ஒப்பந்தம். எது கொடுக்கிறோம், எது பெறுகிறோம் என்பது இருதரப்புக்கும் தெரிந்திருந்தது. அந்த வெளிப்படைத்தன்மை மறையும் இடத்தில்தான் தீமை தொடங்குகிறது.

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. அமெரிக்காவில் கேட்டர் என்றொரு நிறுவனம் இருந்தது. பாடல்களையும் கோப்புகளையும் பகிர்ந்துகொள்ளப் பலர் பயன்படுத்திய கசா போன்ற மென்பொருள்களோடு சேர்ந்து அதன் மென்பொருளும் கணினிக்குள் நுழைந்தது. பிறருடைய இணையப் பக்கங்களின் மேல் அது தன் விளம்பரங்களைப் பரப்பியது. 2002-இல் வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் முதலிய செய்தி நிறுவனங்கள் அதன்மீது வழக்குத் தொடுத்தன. மறு ஆண்டு வழக்குச் சமரசத்தில் முடிந்தது. அதே 2003-இல் அந்நிறுவனம் கிளாரியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. சாங்கோ என்னும் மற்றொரு நிறுவனம், பயனருக்குச் சரிவரத் தெரிவிக்காமல் மென்பொருளைப் புகுத்தியது என்றும், அதை நீக்குவதற்கு இடையூறு செய்தது என்றும் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2006-இல் 30 லட்சம் டாலரைக் கட்ட இசைந்து அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் ஏன் நம் கணினிக்குள் வரவேண்டும்? கணக்கு எளியது. ஒரு மென்பொருள் ஒரு கணினியில் ஏறினால், அதை ஏற்றிவிட்டவனுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கிறது. ஒரு விளம்பரத்தை நாம் அழுத்தினால் சிறு தொகை சேர்கிறது. தனித்தனியே இவை சில்லறைக் காசுகள்தாம். இலட்சக்கணக்கான கணினிகளில் திரட்டினால் பெருஞ்செல்வம். நாம் விலை கொடுக்காமல் பெற்ற பொருளுக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். அவர் விலைக்கு வாங்குவது நம்மைத்தான்.

இனி, நீக்கும் வழியைக் கூறுகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் உடனிருந்து கற்பித்தபடி, ஒரு பிற்பகலில் நான் செய்தவை இவை. விண்டோஸ் உள்ள கணினிக்கு இவை பொருந்தும்.

முதலாவது, எச்சரிக்கைப் பெட்டி காட்டும் எண்ணைத் தொலைபேசியில் அழைக்கவும் கூடாது. அது விற்கும் மருந்தை வாங்கவும் கூடாது. நோயைக் கொடுத்தவனே வைத்தியனாக வருகிறான். முக்கியமான கோப்புகளைத் தனியே படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' என்பதைத் திறந்து, கணினியில் நிறுவப்பட்டுள்ள மென்பொருள்களை நாள் வரிசையில் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளன்று வந்தவை எவை என்று அப்பட்டியலே காட்டிக்கொடுக்கும். நான் நிறுவியது ஒன்று. அந்நாளில் நுழைந்திருந்தவை நான்கு. நான்கையும் நீக்கினேன். பெயர் விளங்காதவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள். கணினிக்கு இன்றியமையாதவையும் அவற்றுள் இருக்கலாம். விசாரித்து அறிந்து நீக்குங்கள்.

மூன்றாவது, உலாவியைச் சீர்செய்ய வேண்டும். அதில் 'எக்ஸ்டென்ஷன்' எனப்படும் துணைக்கருவிகளுள் நாம் சேர்க்காதவற்றை அகற்ற வேண்டும். முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமைக்க வேண்டும். 'நோட்டிபிகேஷன்' என்னும் அறிவிப்புகளை அனுப்ப எந்தெந்தத் தளங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்து, வேண்டாதவற்றை விலக்க வேண்டும். திரை மூலையில் முளைக்கும் விளம்பரங்களுட் பல, நாம் என்றோ 'அலவ்' என்று அழுத்தியதன் விளைவே ஆகும். இத்தனைக்கும் பிறகு தொல்லை தொடர்ந்தால், உலாவியின் அமைப்புகள் அனைத்தையும் ஆதிநிலைக்கு மீட்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

நான்காவது, கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். விண்டோசுடன் வரும் டிபெண்டர் என்னும் காவல் மென்பொருளே பெரும்பாலும் போதும். விளம்பர மென்பொருளை நீக்குவதற்கென்றே மால்வேர்பைட்ஸ் நிறுவனம் ஆட்வ்கிளீனர் என்னும் கருவியை இலவசமாக வழங்குகிறது. நம் நாட்டு அரசும் 2017-இல் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் என்னும் மையத்தைத் தொடங்கி, கணினியைத் தூய்மை செய்யும் கருவிகளை இலவசமாகத் தந்து வருகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. நீக்கும் கருவியைக் கெட்டுப்போன தேடுபக்கத்தின் வழியே தேடாதீர்கள். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டெழுதிச் செல்லுங்கள். இறுதியாக, கடவுச்சொற்களை வேறொரு தூய கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. எந்த மென்பொருளையும் அதைச் செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்தே பெறுங்கள். நிறுவும்போது 'கஸ்டம்' என்னும் வழி இருந்தால் அதைத் தேர்ந்து, முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் சரிக்குறிகளை எடுத்துவிடுங்கள். "உங்கள் மென்பொருள் பழையதாகிவிட்டது" என்று ஏதோ ஒரு பக்கம் சொன்னால் நம்பாதீர்கள். உண்மையான புதுப்பிப்பு அந்த மென்பொருளுக்குள்ளிருந்தே வரும். திருட்டுப் படிகளைத் தொடாதீர்கள். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உங்கள் வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொள்வான். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் வேண்டத்தகாத மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைப் பயன்படுத்துங்கள்.

"ஐயா, நாங்கள் எவ்வளவு விழிப்பாக இருந்தும் ஏமாற்றப்பட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014-இல் லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில், கடையிலிருந்து வரும்போதே சூப்பர்பிஷ் என்னும் விளம்பர மென்பொருள் இருந்தது. வாங்கியவர் அதை நிறுவவே இல்லை. அது உலாவிக்கும் இணையத் தளத்துக்கும் இடையே புகுந்து நின்றது. வங்கி போன்ற தளங்களோடு நடக்கும் மறைகுறித் தொடர்பையும் அது இடைமறிக்க வல்லதாக இருந்தது. அதற்கான சாவியோ எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அச்சாவியைக் கண்டெடுத்த எவரும் அக்கணினிகளுக்குப் பொய்யான வங்கித் தளத்தை மெய்யானதுபோல் காட்டலாம் என்று 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. உடனே நீக்கும் கருவியை நிறுவனமே வெளியிட நேர்ந்தது. 2017-இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, அம்மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. ஆகவே, எல்லாப் பழியும் பயனர் மேல் அன்று. சட்டத்துக்கும் இதில் வேலை இருக்கிறது.

நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரியவரின் அனுமதியின்றி அவருடைய கணினியில் தீங்கான நிரலைப் புகுத்துவோர் இழப்பீடு தரவேண்டும் என்று 43-ஆம் பிரிவில் கூறுகிறது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். எனினும், அச்சட்டத்தில் உள்ள 'அனுமதியின்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் ஐந்து முறை அழுத்திய 'நெக்ஸ்ட்' எது? அதுதான் அனுமதி. திருடன் சுவரேறிக் குதிக்கவில்லை. நானே கதவைத் திறந்து, பாயும் விரித்துப் படுக்கச் சொன்னேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, பின்னர்க் குத்துகிறதே குடைகிறதே என்றால் யாரை நோவது?

நண்பர்களே, கணினியைத் தூய்மை செய்ய எனக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. என் பேத்தி கல்லூரியின் உண்மையான பக்கத்தில் உரிய காலத்துக்குள் விண்ணப்பித்து, இடமும் பெற்றாள். ஆனால், அன்று வெளியே போன அவளுடைய எண் திரும்பி வரவில்லை. கல்லூரி திறந்த பின்னும், முன்பின் அறியாத குரல்கள் அவளை அழைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறை மணி ஒலித்தபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதுவே எனக்குப் போதிய தண்டனையாயிற்று. மென்பொருளை நீக்கலாம், கொடுத்துவிட்ட செய்தியை எந்தக் கருவியாலும் நீக்க முடியாது.

படிக்கத் தெரிந்தவன் படிக்காமல் இருந்தால், அவனுக்கும் படிப்பறியாதவனுக்கும் வேறுபாடு என்ன? பள்ளியில் நீங்கள் கற்ற படிப்பு பாடநூலுக்கு மட்டும் உரியதன்று. திரையில் தோன்றும் பொடி எழுத்துக்கும் உரியது. இனி உங்கள் முன் ஒரு பெட்டி தோன்றி, 'சம்மதமா?' என்று கேட்கும்போது, தேர்வுக்கூடத்து வாயிலில் ஒரு கிழவர் நின்றுகொண்டு, "இருமுறை படியுங்கள்" என்று சொல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிப் படித்த பின் அழுத்துங்கள்.