கிளிக்குக்குத்தான் காசு, வாடிக்கையாளருக்கு அல்ல

(நம் முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் செய்யற நம்ம ஆட்களுக்கு உபயோகமா ஏதாச்சும் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் படித்தது மெக்கானிக்கல். பேசப்போவது விளம்பரம். நம் பாடத்திட்டத்தில் இல்லாத பேப்பர் இது. இதில் ஒரு முறை நன்றாகவே ஃபெயில் ஆகியிருக்கிறேன் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

விடுதி மெஸ் சுவர் ஞாபகம் இருக்கிறதா? ஜூனியர்கள் சேர்ந்த முதல் வாரம், சுவர் முழுக்க 'பழைய டிராஃப்டர் விற்பனைக்கு' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இட்லிக்கு வரிசையில் நிற்கிறவன் எவனும் அதைப் படிப்பதில்லை. எங்கள் செட்டில் ஒருவன் மட்டும் சீட்டே ஒட்டவில்லை. டிராயிங் ஹால் வாசலில் போய் நின்றான். "டிராஃப்டர் எங்கேண்ணா கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வந்த பையனிடம் "இந்தா" என்று நீட்டினான். முதல் நாளே விற்றுவிட்டது.

மெஸ் சுவர், பத்திரிகை விளம்பரம் மாதிரி. ஹால் வாசல்தான் தேடல் விளம்பரம். ஒருவர் கூகுளில் 'போர்வெல் மோட்டார் ரிப்பேர்' என்று தட்டுகிறார். அந்த நிமிடம் அவருக்கு அது தேவை. பதில்களுக்கு மேலே, விளம்பரம் என்ற குறிப்போடு நம் கடை வருகிறது. அவர் அதைத் தொட்டால்தான் நமக்குச் செலவு. பார்த்துவிட்டுப் போனால் காசு இல்லை.

இப்படித் தேடும் சொல்லை ஏலம் விட்டு, கிளிக்குக்குக் காசு வாங்கும் முறையை 1998-ல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் பிரபலப்படுத்தியது. கூகுள் 2000-ல் 'ஆட்வேர்ட்ஸ்' தொடங்கி, 2002-ல் இந்த ஏல முறைக்கு வந்தது. 2018-ல் அதன் பெயர் 'கூகுள் ஆட்ஸ்' ஆனது.

இனி என் கதை. கோவையில் அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு தீபாவளிக்கு முன்னால் வேலை குறைந்திருந்தது. "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்று லேப்டாப்பைத் திறந்தேன். இன்ஜினியர் அல்லவா, அரை மணி நேரத்தில் கணக்குத் தொடங்கி, 'மோட்டார் ரிப்பேர்' என்று ஒரே சொல்லைப் போட்டு விட்டேன். 12 நாளில் 15,000 ரூபாய் போயிற்று. ஆயிரம் கிளிக்குக்கு மேல் வந்தது. போன் வந்தது 11. அதில் 3 பேர் வேலை கேட்டவர்கள். கிடைத்த ஜாப் 2.

அப்பா திட்டவில்லை. "ஏன் கண்ணு, ஆயிரம் பேர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனாங்களா?" என்றார். அந்தப் பணம் ஆட்களுக்கு போனஸ் கொடுக்க வைத்திருந்தது. போனசைப் பொங்கலுக்குத் தள்ளினோம். இருபது வருடமாக எங்களிடம் வைண்டிங் போடும் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். மக்கள் உண்மையில் என்ன தட்டிவிட்டு நம்மிடம் வந்தார்கள் என்பதைக் காட்டும் பட்டியல் கணக்கிலேயே இருக்கிறது. 'சர்ச் டெர்ம்ஸ்' என்று பெயர். அதில் 'மோட்டார் மெக்கானிக் வேலை', 'ரீவைண்டிங் கோர்ஸ்', 'பைக் மோட்டார் விலை', 'வீட்டிலேயே ரிப்பேர் செய்வது எப்படி' என்று வரிசையாக இருந்தது. டில்லியிலிருந்துகூட ஆள் வந்திருக்கிறார்! தப்பு முழுக்க என்னுடையது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, சொல். ஒரு சொல்லைச் சும்மா கொடுத்தால், அதற்குச் சம்பந்தமுள்ளதாகத் தோன்றும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போகும். இது 'பிராட் மேட்ச்'. மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் அந்தப் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும். சதுர அடைப்புக்குள் கொடுத்தால் கிட்டத்தட்ட அதே தேடலுக்கு மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் பின்னிரண்டில் ஆரம்பிப்பது நல்லது. 'சப்மெர்சிபிள் மோட்டார் ரீவைண்டிங் கோவை' மாதிரி நீளமான சொல்லாகப் பிடியுங்கள்.

இரண்டாவது, வேண்டாத சொல். 'வேலை', 'கோர்ஸ்', 'பைக்' ஆகியவற்றை 'நெகட்டிவ்' பட்டியலில் போட்டால் அந்தச் சொல் உள்ள தேடலுக்கு நம் விளம்பரம் வராது. சல்லடை மாதிரி. வாரம் ஒரு முறை பட்டியலைப் பார்த்து இதைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஊர். 'கோவை' என்று தேர்ந்தெடுத்தாலே போதாது. கோவையில் இருப்பவர்கள் மட்டுமா, கோவையில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுமா என்று உள்ளே ஒரு கேள்வி உண்டு. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான்காவது, ஏலம். அதிகம் கேட்பவருக்கே மேல் இடம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் கிளிக்குக்கு 30 ரூபாய் சொல்கிறார். விளம்பரத்தின் தரம் 4 என்று வையுங்கள். பெருக்கினால் 120. நீங்கள் சொல்வது 20 ரூபாய், தரம் 8. பெருக்கினால் 160. மேலே நீங்கள்தான். கொடுப்பதும் 20 அல்ல. கீழே உள்ளவரைத் தாண்டப் போதுமான தொகை, அதாவது 120-ஐ 8-ஆல் வகுத்து, 15 ரூபாய்க்குச் சற்று மேல். உள்ளே வேறு கணக்குகளும் உண்டு, அடிப்படை இதுதான். தேடிய சொல்லுக்குப் பொருத்தமான வாசகம், தொட்டதும் அதே விஷயம் வரும் பக்கம், இவைதான் தரம். சின்னக் கடைக்குப் பெரிய கடையோடு போட்டி போட வழி இங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது, வரவு செலவு. இப்போது நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். அது சராசரி. ஒரு நாள் இரண்டு மடங்கு வரை போகலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்குக்கு மேல் போகாது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. எங்களுக்கு ஒரு கிளிக் சராசரி 15 ரூபாய். பத்து கிளிக்குக்கு ஒரு போன், 150 ரூபாய். மூன்று போனுக்கு ஒரு ஜாப், 450 ரூபாய். ஜாபில் கையில் நிற்பது சுமார் 900. அதனால் ஓடுகிறது. இந்த 450 என்றைக்கு 900-ஐத் தொடுகிறதோ அன்றைக்கே நிறுத்திவிடுவேன். கிளிக்கை எண்ணாதீர்கள், ஜாபை எண்ணுங்கள். போன் எடுக்கும்போதே "எங்களைப் பத்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் எழுதினாலே போதும்.

ஒரு வேடிக்கை. இவ்வளவும் சரி செய்த பிறகும் போன் வீணாயிற்று. காரணம், பட்டறைச் சத்தத்தில் மணி அடிப்பது யாருக்கும் கேட்கவில்லை! இப்போது போன் அம்மாவிடம் இருக்கிறது. காலை எட்டு முதல் மாலை ஏழு வரைதான் விளம்பரம். அம்மா எடுக்கிற நேரம்தான் எங்கள் விளம்பர நேரம்.

கடைசியாக ஒன்று. காசு போடும் முன்னால், கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள். அது இலவசம். முகவரி, நேரம், போட்டோ எல்லாம் சரியாகப் போட்டு, திருப்தியான வாடிக்கையாளரிடம் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். சில தொழிலுக்கு அதுவே போதும். போதவில்லை என்றால், மாதம் போனாலும் வருத்தப்படாத தொகையில் மட்டும் தொடங்குங்கள். போனஸ் பணத்தில் தொடங்காதீர்கள்.

அடுத்த தீபாவளிக்கு எங்கள் பட்டறையில் போனஸ் தள்ளிப்போகவில்லை. வைண்டிங் அண்ணன் கவரை வாங்கிக்கொண்டு, "இந்த வருசம் கம்ப்யூட்டர் சரியா வேலை செய்யுதுங்களா தம்பி?" என்றார். "கம்ப்யூட்டர் போன வருசமும் சரியாத்தான் இருந்துச்சுங்கண்ணா, ஆள்தான் சரியில்லை" என்றேன்.