விடுதலைப் பயணம் நடந்ததா? வரலாறும் ஒடுக்கப்பட்டோர் நினைவும்



பழைய தமிழ் வேதாகமத்தில் ‘யாத்திராகமம்’ என்று அச்சான நூலுக்கு, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘விடுதலைப் பயணம்’ என்று பெயர் வைத்தது. யாத்திரை என்றால் புண்ணியம் தேடிப் போவது. விடுதலை என்றால் தளையை அறுத்துக்கொண்டு போவது. செங்கல் அறுத்த ஒரு கூட்டம் அரசனை எதிர்த்துப் புறப்பட்ட கதை அது. சேரியில் அந்தக் கதை சொந்தக் கதையாகக் கேட்கப்பட்டதில் வியப்பில்லை. 1980களில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலை முன்வைத்தபோது, உபாகமம் 26ஆம் அதிகாரம் சொல்லும் அடிமை முன்னோரின் நினைவிலிருந்துதான் தொடங்கினார்.

ஆனால் அது நடந்ததா? இந்தக் கேள்வியை நம் மாணவர்கள் கேட்கிறார்கள். கேட்பது அவிசுவாசம் என்று ஒரு தரப்பு வாயை அடைக்கிறது. நடக்கவில்லை என்றால் தூக்கி எறி என்கிறது இன்னொரு தரப்பு. நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை. புராணங்களைச் சான்று கேட்டுக் குறுக்கு விசாரணை செய்த மரபு நம்முடையது. அதற்கு ஓர் அளவுகோல், வேதாகமத்துக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். புறப்பட்ட ஆண்கள் மட்டும் 6 லட்சம் என்கிறது நூல். பெண்கள், பிள்ளைகளைச் சேர்த்தால் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டும். அவ்வளவு பேர் 40 ஆண்டுகள் சீனாய் வனாந்தரத்தில் அலைந்ததற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. கானானே அக்காலத்தில் எகிப்தின் ஆளுகைக்குள்தான் இருந்தது. எகிப்திலிருந்து தப்பியவர்கள் எகிப்தின் காவற்படை இருந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்ததாக ஆகிறது. எரிகோவின் மதில் விழுந்த கதையும் இப்படியே. 1930களில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், யோசுவா காலத்து மதிலைக் கண்டதாகச் சொன்னார். 1952 முதல் 1958 வரை அங்கே அகழாய்வு செய்த காத்லீன் கென்யன், அந்த நகரம் கி.மு. 1550 அளவிலேயே அழிந்துவிட்டது என்று காட்டினார். யோசுவாவுக்கு உரியதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை.

அதற்காக எல்லாம் கட்டுக்கதை என்றும் ஆகிவிடாது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில், பிறநாட்டுக் கைதிகள் செங்கல் அறுக்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் கையில் கோல் இருக்கிறது. 1993இல் தேல் தாணில் கிடைத்த கல்வெட்டு ‘தாவீதின் வீடு’ என்ற அரச மரபைக் குறிப்பிடுவதாகப் பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். கதை முழுதும் வரலாறு இல்லை. வரலாறே இல்லாத கதையும் இல்லை.

கல்வெட்டு என்றாலே உண்மை என்று நம்பிவிடுவதும் கூடாது. வேதாகமத்துக்கு வெளியே இஸ்ரயேல் என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய சான்று, பார்வோன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல். கி.மு. 1208 அளவில் வெட்டப்பட்ட அந்தக் கல் 1896இல் கிடைத்தது. இஸ்ரயேல் வித்தின்றி அழிந்துபோனது என்று அது பெருமையடிக்கிறது. அழிந்ததாகச் சொல்லப்பட்ட மக்கள் அதற்குப் பிறகுதான் நூல்களே எழுதினார்கள். ஆள்பவன் கல்லில் பொய் வெட்ட முடியும். அடிபட்டவரிடம் கல்லும் இல்லை, உளியும் இல்லை. எனவே கல்லோ கதையோ, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார், யாருக்காக, எப்போது சொன்னது?

கானான் மலைநாட்டில் கி.மு. 1200க்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் புதிதாகத் தோன்றியதைக் களஆய்வுகள் காட்டின. அங்கே அரண்மனை இல்லை, மாடமாளிகை இல்லை. பானை ஓடுகள் கானானியப் பாணியிலேயே இருந்தன. இஸ்ரயேலின் முன்னோரில் பெரும்பாலோர் கானானியரே என்பது இன்று பலர் ஏற்கும் முடிவு. நகர அரசர்களின் வரிக்கும் ஊழியத்துக்கும் எதிராகக் கிளர்ந்த உழவர்கள் அவர்கள் என்று நார்மன் காட்வால்ட் 1979இல் வாதிட்டார். அந்த வாதம் இன்றும் சர்ச்சைக்குரியது. ஆனால் படையெடுத்து வந்து ஊர் ஊராக வெட்டிச் சாய்த்தார்கள் என்ற யோசுவாவின் கதைக்கு மண் சாட்சி சொல்லவில்லை.

நடக்காத கதையும் நடந்த தீமைக்குக் கருவியாகும். அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் தங்களை இஸ்ரயேலராகவும், மண்ணின் மக்களைக் கானானியராகவும் பாவித்தார்கள். ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் இதைச் சுட்டிக்காட்டி, நாங்கள் இந்தக் கதையைக் கானானியராக நின்றே வாசிப்போம் என்றார். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட நமக்கு அந்த வாசிப்பு அந்நியமாக இருக்க முடியாது.

அதே கதைக்கு ஆண்டைகள் அஞ்சியதும் உண்டு. கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் அச்சிட்ட வேதாகமத்தில், எகிப்தை விட்டுப் புறப்பட்ட பகுதியை வெட்டி எடுத்தார்கள். எசமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை விட்டுவைத்தார்கள். அந்தக் கதை நடந்ததா என்று அவர்கள் ஆராயவில்லை. அது மீண்டும் நடந்துவிடுமோ என்றுதான் பயந்தார்கள். அமெரிக்க அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனை மக்கள் மோசே என்றே அழைத்தார்கள்.

நம் மண்ணிலும் இதே வேலை நடந்திருக்கிறது. நந்தனைத் தீயில் இறக்கிய கதையைப் பக்தியாகச் சொன்னார்கள். அயோத்திதாசர் அதை மறுத்து, நந்தன் பௌத்த அரசன் என்று வாசித்தார். அந்த வாசிப்பையும் நாம் சான்று கேட்டே படிக்க வேண்டும். அயோத்திதாசருக்குச் செய்யும் மரியாதை அதுதான்; கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இது. 6 லட்சம் பேர் கடலைக் கடந்தார்கள் என்று நிரூபித்தால்தான் நம் விடுதலை நியாயம் என்றில்லை. கடக்கவில்லை என்று நிரூபித்தாலும் நம் உரிமை குறைந்துவிடாது. நம் கோரிக்கை எந்தப் பழங்கதையின் ஜாமீனிலும் நிற்கவில்லை. இன்றைய அநீதியின் மேல் நிற்கிறது. வரலாற்றை வரலாறாகப் படிப்போம். நினைவை நினைவாகக் காப்போம். ஒன்றை மற்றொன்றாக விற்க வருபவர் எந்த அங்கி அணிந்து வந்தாலும் கேள்வி கேட்போம்.

ஜெய்பீம்.